கல்லாவியிலிருந்து மைசூருக்கு: அத்திப்பள்ளியில் யாரும் நிறுத்தலை

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிற என் மச்சினன், கோடை லீவில் பெண்டாட்டி பிள்ளைகளைக் காரில் ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்தி வந்தான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க், அங்கிருந்து லக்சம்பர்க், அப்புறம் கொலோன், திரும்ப வீடு. மூணு நாடு. குடும்ப வாட்ஸப் குழுவில் படமா வந்து குவிஞ்சது. கோபுரம் வெச்ச சர்ச், ஆத்தங்கரை, ஐஸ்கிரீம் எல்லாம் இருந்துச்சு. எங்க வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்தது எதுக்குன்னா, அவன் அனுப்பின ஒரு குரல் பதிவுக்கு. "பாலத்துல ஏறினோம் மாமா, இறங்கினா பிரான்ஸ். பாஸ்போர்ட்டை எடுத்து மடியிலயே வெச்சிருந்தா உங்க தங்கச்சி. கேக்கத்தான் ஆளில்லை!"

உடனே மகள் ஆரம்பிச்சா. நாம எப்பப்பா இந்த மாதிரி போறது?

நம்ம சம்பளத்துக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கை யூடியூப்பில்தான் பார்க்கணும். ஆனா மொழி மாறணும், சாப்பாடு மாறணும், போர்டுல எழுத்து மாறணும், அதையும் வீட்டு வண்டியிலேயே போய்ப் பார்க்கணும்னா கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனுக்கு ஏரோப்ளேன் எதுக்கு? மைசூர் போலாம்னு சொன்னேன். "மைசூரா? அது ஸ்கூல் டூர்ல போறதுப்பா"ன்னு மகன் உதட்டைப் பிதுக்கினான். அப்பா மட்டும் உடனே தலையாட்டினார். மாங்கா லோடு ஏத்திக்கிட்டு பெங்களூர் மார்க்கெட்டுக்கு லாரியில் போன காலத்துல கத்துக்கிட்ட கன்னடம் அவருக்கு இன்னும் மிச்சம் இருக்கு. அதைப் பேசிப் பார்க்க ஒரு சாக்கு கிடைச்சா விடமாட்டார்.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பியாச்சு. கல்லாவியிலிருந்து சாமல்பட்டி, மத்தூர், கிருஷ்ணகிரின்னு நாங்க தினம் போற ரோடுதான். அந்த நேரத்துக்கே போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் ஆள் ஏத்துற கம்பெனி பஸ்கள் லைட்டைப் போட்டுக்கிட்டு ஊர் ஊரா நிக்குது. ஜன்னல்ல சாய்ஞ்சு தூங்குற பொண்ணுங்க. மாங்கா சீசன்ங்கிறதால கூழ் ஃபேக்டரி வாசல்ல டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டி இருந்துச்சு. எல்லாம் பெங்களூரா மாங்காதான். டன்னுக்கு என்ன விலைன்னு அப்பா கண்ணாடியை இறக்கி ஒருத்தர்கிட்ட கேட்டார். பதிலைக் கேட்டுட்டு மத்தூர் வர்ற வரைக்கும் வாயே திறக்கலை.

கிருஷ்ணகிரியில் பெரிய ரோட்டைப் பிடிச்சோம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போற 44-ம், டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூர் சுத்திக்கிட்டு சென்னை போற 48-ம் இங்கதான் சந்திக்குது. ரெண்டும் இங்கிருந்து பெங்களூர் வரைக்கும் ஒரே ரோடு. மச்சினன் போன ரோட்டுக்கு ஈ 52-ன்னு ஐரோப்பிய நம்பர் இருக்குன்னு மகள் தேடிக் கண்டுபிடிச்சா. நமக்கும் அதே மாதிரி ஆசிய நம்பர் உண்டுன்னு சொன்னேன். ஏ.எச் 43, ஏ.எச் 45. முதலாவது ஆக்ராவில் ஆரம்பிச்சு, நடுவுல கடலையும் தாண்டி, இலங்கையில் மாத்தறை வரைக்கும் காகிதத்துல போகுது. ரெண்டாவது கொல்கத்தாவுக்கு. ரெண்டும் நம்ம கிருஷ்ணகிரி வழியா! மகனுக்கு அப்பதான் கொஞ்சம் சுவாரசியம் தட்டுச்சு.

ஊரை ஒட்டி நிக்குது கோட்டை மலை. சையத் பாஷா மலைன்னு சொல்லுவோம். 1791 நவம்பர்ல மேக்ஸ்வெல் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வந்து கீழே பேட்டையைப் பிடிச்சுடுச்சு, மேல் கோட்டையில மட்டும் ஏற முடியலை. ஆனா அடுத்த வருஷம் மார்ச்ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல போட்ட ஒப்பந்தத்துல, தோற்காத அந்தக் கோட்டையையும் பாராமகால் முழுசையும் திப்பு எழுதிக் கொடுக்க வேண்டியதாப் போச்சு. நம்ம ஊத்தங்கரை, கல்லாவிப் பக்கம் எல்லாம் அந்தப் பாராமகால்தான். நாங்க போறது எங்களை எழுதிக் கொடுத்த ஊருக்குன்னு பிள்ளைகள்கிட்ட சொன்னதும் அம்மா, "காலங்காத்தால என்னடா பேச்சு இது"ன்னு அதட்டினாங்க.

அந்த ஒப்பந்தத்துல பாராமகால் போச்சு, ஆனா ஓசூர் போகலை. அது 1799 வரைக்கும் திப்புகிட்டயே இருந்துச்சு. அந்த ஏழு வருஷம் கம்பெனிக்கும் மைசூருக்கும் எல்லை ராயக்கோட்டைப் பக்கம். அதாவது இப்ப நாம டோல் கட்டிட்டு டீ குடிக்கத் தோதா இடம் தேடுற வட்டாரத்துலதான் ரெண்டு அரசாங்கமும் முறைச்சுக்கிட்டு நின்னது. திப்பு விழுந்ததும் கோடு மேலே நகர்ந்துச்சு, ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் சேலம் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்துச்சு. மாநிலங்களை மொழிவாரியாப் பிரிச்ச 1956-லயும் அங்கயே தங்கிடுச்சு. அதனாலதான் ஓசூர் சந்தையில ஒரே அம்மா தக்காளியைத் தெலுங்குல கூவி, கன்னடத்துல விலை பேசி, தமிழ்ல சில்லறை கொடுப்பாங்க.

சூளகிரியில் கொத்தமல்லிக் கட்டு வாசனை காருக்குள்ளேயே வந்துடுச்சு. ஓசூரை மேம்பாலத்துல தாண்டிட்டோம். நான் வேலை பார்க்கிற ஊர், எனக்கு அதுல என்ன இருக்கு பார்க்க? சந்திரசூடேஸ்வரர் மலையைப் பார்த்து அம்மா காருக்குள்ளிருந்தே கும்பிட்டாங்க.

அடுத்தது ஜூஜூவாடி. அதைத் தாண்டினா அத்திப்பள்ளி.

"இதுதான் பார்டர்"னு சொன்னேன். மகன் எட்டிப் பார்த்தான். எங்கப்பா? வளைவு ஒண்ணு தெரிஞ்சது, செக்போஸ்ட் தெரிஞ்சது, மஞ்சள் போர்டு வண்டிகளும் லாரிகளும் ஓரங்கட்டி பேப்பர் காட்டிக்கிட்டு இருந்துச்சு. எங்க வெள்ளை போர்டை யாரும் ஏறெடுத்தும் பார்க்கலை. ஃபாஸ்டாக் ஒரு பீப் கொடுத்துச்சு, அவ்வளவுதான். கடைப் பலகையில எழுத்து உருண்டு போச்சு. போன்ல நெட்வொர்க்காரன் கர்நாடகா வரவேற்கிறதுன்னு மெசேஜ் அனுப்பினான். மச்சினனுக்குக் கிடைச்ச அதே அனுபவம், அதே வேகம். ஐரோப்பாவுல அஞ்சு நாடு கையெழுத்துப் போட்டு ஆரம்பிச்சு, இப்ப 29 நாடு சேர்ந்திருக்கிற வசதி நமக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கு. அதனாலயே நாம அதைக் கவனிக்கிறதில்லை.

அந்தக் கையெழுத்து நடந்த இடத்துக்கும் மச்சினன் போயிருந்தான். ஷெங்கன்னு லக்சம்பர்க்ல ஒரு சின்னக் கிராமம், மோசல் ஆத்தங்கரை. ஜெர்மனி, பிரான்ஸ், லக்சம்பர்க் மூணும் தொட்டுக்கிற இடம். 1985 ஜூன் 14-ந் தேதி அஞ்சு நாட்டுக்காரங்க ஆத்துல ஒரு கப்பல்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாங்க. 1995 மார்ச்லதான் கேட்டைத் திறந்தாங்க. பத்து வருஷம் ஆச்சு. ஆனா திறந்த கேட் திறந்தே இருக்கும்னு சொல்ல முடியாது. 2020 மார்ச்ல கொரோனா வந்தப்போ ஸ்ட்ராஸ்பூர்க்குக்கும் அக்கரையில இருக்கிற ஜெர்மன் ஊரான கெல்லுக்கும் நடுவுல தடுப்பு போட்டுட்டாங்க. டிராம்ல ஏறி ஆத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வந்த ஜனம் ரெண்டு கரையிலயும் மாட்டிக்கிச்சு. ஜூன் வரைக்கும் அப்படித்தான். 2024 செப்டம்பர்லேர்ந்து ஜெர்மனி தன் நில எல்லை எல்லாத்துலயும் மறுபடி சோதனை வெச்சிருக்கு. மச்சினன் திரும்பி வரும்போது போலீஸ் நிறுத்தி, காருக்குள்ள ஒவ்வொரு முகத்தையும் குனிஞ்சு பார்த்தாங்களாம். அந்தப் படம் குழுவுல வரலை. போன்ல பேசும்போதுதான் சொன்னான்.

அத்திப்பள்ளிக்கும் இந்த ரெண்டாவது முகம் இருக்கு. ஓசூர்ப் பக்கம் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. காவிரிப் பிரச்சினை கிளம்பினா, பந்த்னு அறிவிச்சா, தமிழ்நாட்டு பஸ் ஜூஜூவாடியோட நின்னுடும். ஜனம் இறங்கி நடக்கணும். 2016 செப்டம்பர் 12-ந் தேதி பெங்களூர்ல தமிழ்நாட்டு பஸ்கள் எரிஞ்சப்போ என் தங்கச்சி பொம்மனஹள்ளியில இருந்தா. ரெண்டு நாள் கழிச்சு, கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு ஆட்டோவுல அத்திப்பள்ளி வரைக்கும் வந்து, அங்கிருந்து நடந்தா. முன்னும் பின்னும் நூத்துக்கணக்கான பேர், தலையில பை, இடுப்புல பிள்ளை. ஓரத்துல நின்ன கன்னடக்காரப் பெரியவர் ஒருத்தர் குழந்தைக்குத் தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தாராம். தங்கச்சி இன்னைக்கும் அந்த ஆளைப் பத்தித்தான் பேசுவா, பஸ்ஸைப் பத்திப் பேசமாட்டா. கொரோனாவுலயும் இதே நடைதான், அந்த வாட்டி ரெண்டு பக்கமும் தெர்மாமீட்டரோட ஆள்.

இந்த ரோட்டோரமாவே பட்டாசுக் கடைகள் வரிசையா இருக்கும். 2023 அக்டோபர் 7-ந் தேதி அதுல ஒண்ணு எரிஞ்சு பதினாலு பேருக்கு மேல செத்துப் போனாங்க. தீபாவளிக்கு நாலு காசு பார்க்கலாம்னு வேலைக்கு வந்த பசங்க, அதுல அரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. அரூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். மனைவி அந்தப் பக்கம் பார்க்காம முகத்தைத் திருப்பிக்கிட்டா.

அத்திப்பள்ளியைத் தாண்டி கொஞ்ச தூரத்துல பொம்மசந்திரா. பெங்களூர் மெட்ரோ மஞ்சள் லைன் 2025 ஆகஸ்ட்ல இங்க வரைக்கும் வந்துடுச்சு. இங்கிருந்து ஓசூருக்கு நீட்டணும்னு நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கோம். பெங்களூர் மெட்ரோ ஓடுறது 750 வோல்ட் டி.சி. கரண்ட்ல. தமிழ்நாடு தரப்புல யோசிச்சது 25,000 வோல்ட் ஏ.சி. ரெண்டும் ஒட்டாதுன்னு பெங்களூர்ல கையை விரிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடியே, வெளியூர் ஜனம் வந்து குவிஞ்சுடும்னு அங்க சில அமைப்புகள் எதிர்ப்பு வேற. மச்சினன் படத்துல பார்த்தேனே, ஸ்ட்ராஸ்பூர்க் டிராம் 2017-லேர்ந்து ரைன் ஆத்தைத் தாண்டி ஜெர்மனிக்குள்ள போய் நிக்குது. ரெண்டு நாடு, ரெண்டு சட்டம், ரெண்டு உலகப் போர்ல ஒருத்தரை ஒருத்தர் கொன்னவங்க. அவங்களுக்கு முடிஞ்சது ஒரே நாட்டுல இருக்கிற நமக்கு வோல்ட்டேஜ்ல இடிக்குதுன்னா, எனக்கு என்னவோ கோளாறு கரண்ட்ல இருக்கிற மாதிரித் தெரியலை.

பெங்களூருக்குள்ள நுழையவே இல்லை. எலக்ட்ரானிக் சிட்டி கிட்ட நைஸ் ரோட்டுல ஏறி மைசூர் ரோட்டுல இறங்கிட்டோம். அந்த நைஸ் ரோடும் ஒரு கதை. 1997-ல ஒப்பந்தம் போட்டப்போ பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையே அவங்க திட்டம்தான். ஊரைச் சுத்தின வளையம் வந்துச்சு, மைசூர் வரலை. மைசூருக்கு ரோடு போட கடைசியில தேசிய நெடுஞ்சாலை ஆணையம்தான் வரவேண்டியிருந்துச்சு.

அந்தப் புது ரோடு 2023 மார்ச் 12-ந் தேதி திறந்தது. 119 கிலோமீட்டர். நடுவுல ஆறு வழி, ரெண்டு பக்கமும் சேர்த்து நாலு வழி சர்வீஸ் ரோடு. பைக், ஆட்டோ, டிராக்டர் எதுவும் நடு ரோட்டுல வரக்கூடாது. நூறுக்கு மேல போனா கேமரா பிடிச்சுடும். ஒண்ணரை மணி நேரத்துல மைசூர்னு பீத்திக்கலாம். நான் ஏறலை. கூகுள் அம்மா கத்திக்கிட்டே இருந்தாங்க, நான் சர்வீஸ் ரோட்டைப் பிடிச்சு பழைய பாதையில இறங்கிட்டேன். இது பிடிவாதம்தான், மனைவியும் அப்படித்தான் சொன்னா. ஆனா புது ரோடு பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா எல்லாத்தையும் ஒதுக்கிட்டுப் போகுது. அந்த ஊர்கள் இல்லாத மைசூர் ரோட்டுல என்ன இருக்கு? வேலியும் கேமராவும்.

பிடதியில தட்டு இட்லி. பேருக்கேத்த மாதிரி தட்டு அகலம், மேல வெண்ணெய் உருகி வழியுது. அப்பா கன்னடத்துல "இன்னொந்து ப்ளேட் கொடி"ன்னார். கடைப் பையன், "எத்தனை இட்லி ஐயா?"ன்னு தமிழ்ல திருப்பிக் கேட்டான். அப்பாவுக்கு முகம் சுருங்கிப் போச்சு. விடாம அடுத்தது காபியையும் கன்னடத்துலயே கேட்டார்.

ராமநகரத்துல எல்லாரும் பாறையைக் காட்டி 'ஷோலே' படம் எடுத்த இடம்பாங்க. நான் பிள்ளைகளுக்குக் காட்டினது பட்டுக்கூடு மார்க்கெட். தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் மல்பெரி போட்டவங்க கூட்டை மூட்டை கட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா இங்கதான் வருவாங்க. மூங்கில் தட்டுல கொட்டிவெச்ச கூடு வெள்ளையும் மஞ்சளுமா குவிஞ்சு கிடக்கு. வாங்குறவங்க ஒண்ணை எடுத்துக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்ப்பாங்க. உள்ளே கூட்டுப்புழு நல்லா இருக்கா, செத்து ஒட்டிக்கிட்டிருக்கான்னு சத்தத்துலயே தெரியுமாம். மகன் தானும் ஒண்ணை எடுத்து ஆட்டினான். வாசனை மட்டும் அவனுக்கு ஒத்துக்கலை, மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டான்.

சென்னபட்டணத்துல ஒரு மணி நேரம் போனதே தெரியலை. பொம்மைக் கடைக்குப் பின்னாடி பட்டறை. கடைக்காரர் உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டினார். மரம் நம்ம ஊர் வெட்பாலைதான், அவங்க ஆலே மரம்பாங்க. கடைசல் மெஷின்ல கட்டை சுத்துது. அரக்குல சாயம் கலந்த குச்சியை எடுத்து, சுத்துற கட்டை மேல அழுத்துறார். உராயிற சூட்டுல அரக்கு உருகி, நாலு விநாடியில கட்டை பூரா சிவப்பாயிடுது. அப்புறம் ஒரு தாழை ஓலையை மடிச்சு அழுத்தினார். அவ்வளவுதான், கண்ணாடி மாதிரி பளபளப்பு. பெயிண்ட் இல்லை, பிரஷ் இல்லை. குழந்தை வாயில வெச்சாலும் பயமில்லைன்னார். வியாபாரம் எப்படின்னு அப்பா கேட்டார். "ரோடு மேல போகுது, நாங்க கீழ இருக்கோம்"னார். முன்னெல்லாம் மைசூர் போற கார் எல்லாம் வாசல்லயே மெதுவாப் போகும், பிள்ளை அழும், நிறுத்துவாங்க. இப்ப யார் கீழே இறங்கி வர்றாங்க? ஜெர்மனியில ஆட்டோபானைப் பக்கத்துல போட்டதும் பழைய ரோட்டோர சத்திரங்களுக்கு என்ன ஆச்சுன்னு மச்சினனைக் கேட்டேன். ஊர் பக்கம் பழுப்பு போர்டு வெச்சு, இங்க இறங்கினா இன்ன கோட்டை, இன்ன பழைய டவுன்னு படம் போட்டிருப்பாங்களாம். சென்னபட்டணத்துக்கும் மேலே பெருசா ஒரு பொம்மைக் குதிரை போர்டு வெச்சா என்ன கெட்டுப் போகும்?

மத்தூர்ல வடை. எங்க ஊர் மத்தூர்ல கிளம்பி இந்த மத்தூர்ல சாப்பிடுறோம்னு மகன் ஒரு ஜோக் அடிச்சான். 1917 வாக்குல ஸ்டேஷன்ல விற்கிறதுக்காக ஆரம்பிச்சது. ரயில் சீக்கிரம் வந்துட்டதால போண்டா மாவைத் தட்டிப் போட்டுப் பொரிச்சதுதான் மத்தூர் வடைன்னு சொல்லுவாங்க. எங்க வீட்டம்மாவுக்கு அது தட்டைக்கும் வடைக்கும் பிறந்ததாத் தெரிஞ்சது, ரெண்டு பார்சல் கட்டிக்கிட்டா.

ஸ்ரீரங்கப்பட்டணம் வர மதியம் தாண்டிடுச்சு. 1799-ல ஹாரிஸ் தலைமையில கம்பெனிப் படை வேலூர்ல கிளம்பி, ராயக்கோட்டை வழியா மார்ச் 5-ந் தேதி மைசூர் எல்லைக்குள்ள நுழைஞ்சு, ஏப்ரல் ஆரம்பத்துல இந்த ஊர் வாசலுக்கு வந்தாங்க. எல்லையிலிருந்து மட்டும் ஒரு மாசம், மாட்டு வண்டியும் பீரங்கியுமா. மே 4-ந் தேதி கோட்டை விழுந்துச்சு, திப்புவும் போய்ச் சேர்ந்தார். தரியா தௌலத் மாளிகை அவர் 1784-ல கட்டினது, பெரும்பாலும் மரம். மேற்குச் சுவர் பூரா ஓவியம். காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர்ல 1780-ல நடந்த சண்டை. கம்பெனிக்காரன் வெடிமருந்து வண்டி வெடிச்சுச் சிதறுது, நடுவுல பல்லக்குல காயம்பட்ட கர்னல் பெய்லி, பக்கவாட்டுல குதிரை மேல திப்பு பூவை மோந்து பார்த்துக்கிட்டு வர்றார். சண்டை நடக்கிற இடத்துல பூவா? மகள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னா.

அப்பாவுக்கு ஒப்பந்தக் கதைதான் பிடிச்சது. 1792-ல பாதி ராஜ்ஜியமும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கொடுக்கணும், அதுவரைக்கும் ரெண்டு பிள்ளைகளைப் பிணையா வெச்சுக்கிட்டாங்கன்னு சொன்னதும், "சின்னப் பசங்களையா?"ன்னார். பத்து, எட்டு வயசு இருக்கும்னேன். அப்படி வாங்கின பாராமகாலை நிர்வாகம் பண்ண அனுப்பினது அலெக்சாண்டர் ரீடையும் தாமஸ் மன்ரோவையும். ஊர் ஊராப் போய் வயலை அளந்து, ஒவ்வொரு குடியானவன் பேர்லயும் தனித்தனியா வரி எழுதினாங்க. பின்னாடி மதராஸ் மாகாணம் பூரா வந்த ரயத்துவாரி அங்கதான் முளைவிட்டது. நம்ம பட்டா, சிட்டா எல்லாம் அந்த வழி வந்ததுதான்னு சொன்னேன். "அப்ப பங்காளி வரப்புத் தகராறுக்கும் அந்த வெள்ளைக்காரன்தான் காரணம்"னு அப்பா ஒரே போடாப் போட்டார்.

மைசூரைப் பத்தி எழுத அதிகம் இல்லை, எல்லாரும் எழுதியாச்சு. பழைய மர அரண்மனை 1897-ல எரிஞ்சு, ஹென்றி இர்வின் வரைபடத்துல 1912-ல முடிச்சது இப்ப இருக்கிறது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒரே நேரத்துல லைட் போடும்போது கூட்டம் போடுற சத்தத்துக்காகவே போகலாம். மறுநாள் செயின்ட் ஃபிலோமினா சர்ச். 1933-ல அடிக்கல் போட்டது, கொலோன் கதீட்ரலை மனசுல வெச்சுக் கட்டினதாச் சொல்றாங்க. மகள் ரெட்டைக் கோபுரத்தைப் படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாம குழுவில் போட்டா. "கொலோனா? எப்படா வந்தீங்க, சொல்லவே இல்லை?"ன்னு மச்சினன் உடனே போன் பண்ணிட்டான். அவளுக்கு அன்னைக்குப் பூரா அதே சிரிப்பு.

இதே மாதிரி போகணும்னு நினைக்கிற நம்ம ஊத்தங்கரை, கல்லாவிக்காரங்களுக்கு: பெங்களூரை எட்டு மணிக்கு முன்னாடி தாண்டிடுங்க, இல்லைன்னா நைஸ் ரோட்டுலயே வெயில் ஏறிடும். வயசானவங்க இருந்தா ஒரே நாள்ல போய்த் திரும்ப ஆசைப்படாதீங்க, ஒரு ராத்திரி தங்குங்க. போகும்போது பழைய ரோடு, திரும்பும்போது புது ரோடுன்னு வெச்சுக்கிட்டா ரெண்டு கட்சிக்கும் சமாதானம். காவிரி செய்தி பேப்பர்ல முதல் பக்கத்துக்கு வந்துட்டா பயணத்தைத் தள்ளிப் போடுங்க. டீசல் வண்டின்னா, திரும்பும்போது அத்திப்பள்ளிக்கு இந்தாண்டை வர்றதுக்கு முன்னாடியே டேங்கை நிரப்பிக்குங்க. நாங்க போனப்போ கர்நாடகாவுல லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பங்க்ல எங்களுக்கு முன்னாடி நின்ன அஞ்சாறு வண்டியும் டி.என். நம்பர்தான்.